கோரைக்குப் பக்கத்துக் கோரை

பறவை பார்க்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கடைப்பிடிக்க வேண்டிய நாகரிகங்கள் நான்கு. நான்கையும் இன்று எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். முதலாவது, பறவையைக் காட்டுவது.

போன ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கரணை, காலை ஆறே முக்கால். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் ஐ.டி. கட்டடங்கள், நடுவில் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நம் சதுப்பு நிலம். சாலையோரம் எனக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரின் விலைக்கு என் ஸ்கூட்டரைப் போல ஒன்றரை வாங்கலாம். திடீரென்று, "மஞ்சள் குருகு!" என்றார்.

ஒன்பது வருடமாக எனக்கு டிமிக்கி கொடுக்கிற பறவை அது. காய்ந்த கோரையின் நிறம். யாராவது பார்க்கிறார்கள் என்று பட்டால் போதும், அலகை வானத்துக்குத் தூக்கிக் கழுத்தை நீட்டி, தானும் ஒரு கோரையாகிவிடும்.

"எங்க சார்?"

"தோ!"

இந்த 'தோ'வை முதலில் தடை செய்ய வேண்டும். கண்ணெதிரே சில நூறு ஏக்கர் சதுப்பு. அதில் 'தோ' என்பது எந்த சர்வே நம்பர்?

"தோ, அந்தக் கோரை இருக்கு பாருங்க."

இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை அதுதான் இருந்தது.

"அதுக்குப் பக்கத்துல இன்னொரு கோரை. அதுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி."

"எந்தக் கோரை சார்?"

"ஒண்ணு வளைஞ்சிருக்குல்ல?" காற்று வீசிக்கொண்டிருந்தது. எல்லாமே வளைந்திருந்தன. "சரி, அதை விடுங்க. வெள்ளைக் கொக்கு நிக்குதா? அதுக்கு நேர் பின்னால."

கொக்கைப் பிடித்தேன். பிடித்த கையோடு அது பறந்துவிட்டது. பறக்கிற ஜாதியை அடையாளக் கல்லாக நட்ட முதல் மனிதர் இவராகத்தான் இருப்பார். அடுத்து எருமை. "எருமை முதுகுக்கு மேல பாருங்க." பார்த்தேன். எருமை நடக்க ஆரம்பித்தது. நானும் பைனாகுலரோடு அதன் முதுகைத் தொடர்ந்து போய், ஒரு நீளவால் இலைக்கோழி, நாலு நாமக்கோழி, மிதக்கும் தெர்மகோல் பெட்டி ஒன்று எல்லாம் பார்த்தேன். பிறகு, "அந்தப் பக்கத்து ரோட்டுல நீல லாரி நிக்குதுல்ல, அதுக்கு நேர் கீழே" என்றார். சிக்னல் விழுந்து லாரி போய்விட்டது. கடைசியாக, "பத்து மணிக்குப் பாருங்க சார்" என்றார். அதுவரை வாய் திறக்காமல் எங்கள் பின்னால் நின்றிருந்த டீக்காரர், "அப்ப வெயில் ஏறிடுமே" என்றார். இருந்த மூன்று பேரில் நியாயமாகப் பேசியவர் அவர்தான்.

நகராத ஒன்றைச் சொல்ல என்ன கேடு? குப்பைமேடு இருக்கிறதே! கொக்கு மாதிரி, லாரி மாதிரி அது சட்டென்று கிளம்பிப் போய்விடாது என்று சென்னைவாசி ஒவ்வொருவருக்கும் தெரியும். அதிலிருந்து கைவிரல் மூன்று அகலம் இடப்பக்கம், தண்ணீர் விளிம்பில், என்றால் முடிந்தது. வாங்குகிற காசில் பாதியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிக்கு வழி சொல்லப் பழக்கிவிட்ட பிறகே பைனாகுலரைக் கையில் கொடுக்க வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொல்கிறேன்.

"கெடச்சிதா?" என்று நாலாவது தடவை அவர் கேட்டபோது நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

"ஆங், கெடச்சிருச்சு சார்."

"உச்சந்தலைக் கறுப்பு தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

"கண்ணு?"

"மஞ்சள்" என்றேன். சலீம் அலி புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி இத்தனை வருடம் வீணாகவில்லை. அவருக்கு அப்படியொரு சந்தோஷம். தோளில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். கிளம்பும்போது என் இமெயிலையும் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே, பறவை பார்க்கிறவர்கள் கணக்கு எழுதும் இ-பேர்ட் தளத்திலிருந்து கடிதம். தன் பட்டியலை என்னோடு பகிர்ந்திருக்கிறார். முப்பத்தோரு இனங்கள். மஞ்சள் குருகு, 1. குறிப்புப் பெட்டியில், 'உடன் வந்த நண்பரும் தெளிவாகப் பார்த்தார், கண் மஞ்சள்.' ஏற்கிறேன், நிராகரிக்கிறேன் என்று இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். இன்று புதன். இரண்டையும் இன்னும் தொடவில்லை.

மீதி மூன்று நாகரிகங்களில் ஒன்று, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது என்பது. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.