பட்டன் சார்

பட்டன் சார் வீட்டு ஹாலில், சுவிட்ச் போர்டின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருக்கும். டேப்பின் மேல் மார்க்கர் பேனாவில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே பிற்பாடு சேர்த்த ஒரு வரி: 'அம்மா, நீயும்தான்.'

இப்படி ஒருவர் இப்போது எல்லா அபார்ட்மென்டிலும் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், கம்ப்யூட்டர் உத்தியோகம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். சுவரோடு வந்த சுவிட்சில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒட்டவும் பெயர்க்கவும் முடிகிற, ஒயரே இல்லாத பட்டனில்தான் நம்பிக்கை.

அந்தப் பட்டன் வேலை செய்யும் விதத்தைக் கேட்டால் நமக்கே தலை சுற்றும். உள்ளே இருப்பது சிஆர்2032 என்கிற, நாணயம் போன்ற சின்னச் செல். அது வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும் என்பதால் பட்டன் சதா தூங்கிக்கொண்டே இருக்கும். அழுத்தினால் விழித்து, பக்கத்தில் விழித்திருக்கும், ஜிக்பீ என்கிற அதே ரேடியோ பாஷை பேசும் ஒரு சாதனத்திடம் சேதியைச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். விழித்திருப்பவை கரண்டில் ஓடும் ஸ்மார்ட் பல்புகளும் ஸ்மார்ட் பிளக்குகளும். அவை சேதியை ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கடைசியில் கம்ப்யூட்டரில் செருகிய டாங்கிளிடம் சேர்க்கும். டாங்கிள் யோசித்து, 'சரி, எரியட்டும்' என்று உத்தரவு போட, அது கைமாறிக் கைமாறிப் பல்புக்கு வரும். இதற்கு மெஷ் என்று பெயர். எங்கள் வீட்டில் இந்த வேலையை ஒரு செம்புக் கம்பி பார்க்கிறது.

மெஷ்ஷின் பரம எதிரி பட்டன் சாரின் அம்மா. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது என்று வளர்ந்தவர், பிள்ளையையும் அப்படியே வளர்த்தவர். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும் என்பது அவருக்கு ஏகாதசி மாதிரி மறக்காது. அவர் போகிற போக்கில் ஹால் சுவிட்சை அணைக்கிறார். ஹால் பல்புக்குக் கரண்ட் நின்றுபோகிறது. அந்தப் பல்பை நம்பிப் படுத்திருந்த படுக்கையறைப் பட்டன் அனாதையாகிறது. ஒழுங்கான பட்டன் என்றால் அடுத்த முறை அழுத்தும்போது வேறு துணையைத் தேடிக்கொள்ளும். ஆனால் பிடிவாதக்கார ரகங்களும் உண்டு. போன பல்பையே நினைத்துக்கொண்டு, அழுத்த அழுத்தச் சும்மா கிடக்கும்.

"ஏம்மா, ஹால் சுவிட்சை அணைச்சே?"

"ஆன்ல கிடந்துதுடா."

"ஆன்லதாம்மா இருக்கணும். லைட்டை நான் போன்லயே ஆஃப் பண்ணிட்டேன்."

"லைட்டே எரியலேன்னா சுவிட்ச் எதுக்குடா ஆன்ல இருக்கணும்?"

இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அது பெற்ற தாயிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

எனவே பட்டன் சார் குற்றவாளியை வெளியே தேடுகிறார். முதல் சந்தேகம் செல் மேல். ஆப்பில் பார்த்தால் நூறு சதவீதம் என்கிறது. அந்தச் செல்லின் வோல்டேஜ் ஆயுளில் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென்று சரியும். ஆகவே நூறு சதவீதத்தை நம்பிப் புண்ணியமில்லை. அடுத்த சந்தேகம் அக்கம்பக்கத்தார் மேல். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் பிழைப்பு நடத்துகின்றன. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சேனல்கள். வைஃபை 1, 6, 11 என்று உட்கார்ந்தால் நடுவே 15, 20, 25 போலச் சில சந்துகள்தான் மிஞ்சும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நம் வீட்டுக் கதவைத் தட்டி, "சார், உங்க வைஃபை எந்த சேனல்?" என்பார். தெரியாது என்றால் உள்ளே வந்து பார்த்துச் சொல்வார். போகும்போது காபி சாப்பிட்டுவிட்டு, "ஆறுல இருந்து ஒண்ணுக்கு மாத்திட்டேன், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். உண்மையிலேயே நமக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாவது சந்தேகம் பீரோ மேல். இரும்பு பீரோ ரேடியோ அலையை மறிக்கும் என்பது சரிதான். ஆனால் அது நிற்பது கன்னி மூலையில். அதை நகர்த்தும் பேச்சை எடுத்த அன்று அந்த வீட்டில் இரவுச் சமையல் நடக்கவில்லை. பீரோவைச் சுற்றி அலை போகட்டும் என்று மேலும் இரண்டு ஸ்மார்ட் பிளக் வாங்கப்பட்டன.

அசல் குற்றவாளி டாங்கிளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. யூஎஸ்பி 3.0 துளையும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மருந்து ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் கேபிள். டாங்கிளைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். வைத்தார், பாதி வியாதி தீர்ந்தது. அன்று அவர் முகம் களையிழந்து இருந்ததாகவே எனக்குப் பட்டது. மீதிப் பாதி இருக்கிறதே என்று தேறிக்கொண்டார்.

அந்த மீதிக்காக ஜிக்பீ சேனலையே மாற்றினால், தூங்கும் பட்டன்களில் பலவற்றுக்குச் சேதி போகாது. ஒவ்வொன்றையும் கழற்றி, ஊசித் துளைக்குள் குத்தி, மறுபடி சேர்க்க வேண்டும். அதற்கான ஊக்கு மனைவியின் தாலிச் சங்கிலியிலிருந்து வரும். திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

விருந்தாளி வந்தால் மெஷ் வரைபடம் காட்டுவார். புள்ளிகள், கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் 255-க்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று மாமனார் கேட்க, "பால்கனி பட்டன்தான் மாமா, முப்பத்தெட்டைத் தாண்ட மாட்டேங்குது" என்றவர் இவர்.

ராத்திரி கரண்ட் போய் வந்தால் இன்னொரு வேடிக்கை. கரண்ட் வந்ததும் எரிய வேண்டும் என்பது பல ஸ்மார்ட் பல்புகளுக்குப் பிறவிக் குணம். சுவர் சுவிட்சைப் போடுகிறவர் இருட்டில் நிற்கக் கூடாதே என்று கம்பெனிக்காரன் செய்த நல்ல காரியம். விளைவு, நடுராத்திரி இரண்டு மணிக்கு வீடு முழுக்கக் கல்யாண மண்டபம். பட்டனைத் தேடி அழுத்தினால், மெஷ் இன்னும் கண்விழித்து முடியவில்லை.

"மேட்டர் வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டர் என்பது எல்லாக் கம்பெனி ஸ்மார்ட் சாதனங்களுக்கும் பொதுவான பாஷை. அதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அதன் பட்டன்கள் பலவும் ஏறும் திரெட் என்கிற மெஷ்ஷும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், அதே தூங்கும் பட்டன்தான். இப்போது அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கிறார்.

சமீபத்தில் அவர் வெளியூர் போனபோது, மனைவி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கட்டில் பக்கத்தில் ஒரு டூ-வே சுவிட்ச் போடச் சொல்லிவிட்டார். மாடிப்படிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று போடுவார்களே, அதே ஒயரிங். பல்பும் சாதா பல்பு. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அம்மா போட்டு அணைத்து, போட்டு அணைத்துப் பார்த்தார். அழுத்தியபோதெல்லாம் எரிந்தது.

பட்டன் சார் திரும்பி வந்து கோபப்படவில்லை. பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகு அதே எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டார்.

"அந்த பாக்ஸுக்குள்ள நியூட்ரல் இருக்கில்லப்பா? உள்ளே ஒரு சின்ன ஜிக்பீ ரிலே வெச்சுட்டா, அதுக்கு எப்பவும் கரண்ட் இருக்கும். யார் சுவிட்சை அணைச்சாலும் மெஷ் போகாது. சேதியைக் கைமாத்துற ரூட்டரும் அதுவே."

நியாயமாகப் பார்த்தால், இத்தனை நாளில் அவர் கண்டுபிடித்த ஒரே சரியான வைத்தியம் இது. சுவிட்ச் சுவிட்சாகவே இருக்கும். அம்மா இஷ்டத்துக்கு அணைக்கலாம்.

எலக்ட்ரீஷியன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வெச்சுரலாம் சார். ஆனா பாட்டிம்மாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."