ஃபோகஸ் உங்கள் கையில்

கே: கேமராவே கண்ணைத் தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்கிறதே, இன்னும் எதற்கு மேனுவல் லென்ஸ்?

ப: கண்ணைப் பிடிக்கும். ஆனால் யாருடைய கண்ணை? கம்பி ஜன்னலுக்குப் பின்னால் பாட்டி உட்கார்ந்திருந்தால் ஆட்டோ ஃபோகஸ் பல நேரம் கம்பியைத்தான் பிடித்துக்கொள்ளும். வளையத்தைக் கையால் திருப்புகிறவருக்குப் பாட்டிதான் முக்கியம் என்று தெரியும். 1985-ல் மினோல்டா 7000 வந்து ஆட்டோ ஃபோகஸைப் பரவலாக்கியது. ஆனாலும் சினிமா செட்டில் இன்றைக்கும் ஃபோகஸ் புல்லர் நிற்கிறார். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு ஃபோகஸ் எந்த நொடியில், எவ்வளவு மெதுவாக நகர வேண்டும் என்பது அவர் விரல்களில் இருக்கிறது.

கே: பழைய ரஷ்ய ஹீலியோஸ் லென்ஸை என் நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டலாமா?

ப: மாட்டலாம், மலையைத்தான் எடுக்க முடியாது! ஹீலியோஸ் 44-2 என்பது எம்42 திருகு லென்ஸ். அது உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும். நிக்கானில் அதுவே 46.5 மி.மீ. இந்த ஒரு மி.மீ. போதும், பத்துப் பன்னிரண்டு அடி தாண்டினால் எல்லாம் மங்கல். கண்ணாடி வைத்த அடாப்டர் இதைச் சரிசெய்யும், ஆனால் படத்தின் தரத்தில் கை வைக்கும். சோனி மிரர்லெஸ்ஸில் இடைவெளி 18 மி.மீ.தான். மிச்சத்தை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடும். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்’ என்பதை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

இந்த லென்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது அபர்ச்சருக்கான இரட்டை வளையம். ஒன்றில் 5.6 வைத்துவிடுங்கள். மற்றதை முழுக்கத் திறந்து, எஃப்/2 வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்து, முட்டும்வரை திருப்பினால் 5.6-ல் நிற்கும். வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவே வேண்டாம்.

கே: எஃப்/2-ல் எடுத்தால் மூக்கு பளிச், கண் மங்கல். எனக்கு வயதாகிவிட்டதா?

ப: வயதின் மேல் பழி போடாதீர்கள். முதலில் வ்யூஃபைண்டர் ஓரத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருகி, உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும்படி வையுங்கள். பிறகு கணக்குக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், ஒரு மீட்டர் தூரத்தில், 58 மி.மீ. லென்ஸ் எஃப்/2-ல் தெளிவாகக் காட்டும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. நீங்கள் மூச்சு விட்டு அசைந்தாலே கண் நழுவி மூக்குக்குப் போய்விடும். ஃபோகஸ் பீக்கிங் தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்புங்கள். கூடவே நாலைந்து படம் தட்டுங்கள்.

கே: ஓடும் பேரனை எப்படிப் பிடிப்பது?

ப: துரத்தாதீர்கள்! 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்து, முடிவிலிக் குறியை அளவுகோலின் 8-க்கு நேராக நிறுத்துங்கள். ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவாக விழும். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். மாலை வெளிச்சத்தில் எஃப்/8 கட்டுப்படியாகாது. அப்போது வாசற்படியில் ஃபோகஸ் செய்து காத்திருங்கள், கால் படியில் பட்டதும் அழுத்துங்கள்.

கே: பூஞ்சை வராமலிருக்க லென்ஸை அரிசி டப்பாவில் போட்டு வைக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம், தவிட்டுத் தூசி வளையத்துக்குள் போய்விடும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பத மானி போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். பழைய லென்ஸ் வாங்கும்போதே பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், ஒட்டடைபோல இழை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லென்ஸோடு வரும் தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.