நாலாங்கிளாஸ் அப்பா

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் ஆரணி பஜாரில் ஏதாவது ஒரு நோட்டுக் கடைப் பக்கம் போனால் அவரைப் பார்க்கலாம். ஒண்ணாங்கிளாஸ் அப்பா பை, தண்ணீர் பாட்டில், மிக்கி மவுஸ் லேபிள் என்று கை கொள்ளாமல் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பார். பத்தாங்கிளாஸ் அப்பா கைடு விலையைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பெற்றவர் மாதிரி நிற்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கூட்டத்தை இடித்துக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவர் போலக் கையை நீட்டி, "ஒரு நல்ல பேனா குடுங்க" என்று கேட்கிறாரே, அவர்தான் நாலாங்கிளாஸ் அப்பா.

மூன்றாவது வரைக்கும் பென்சில், நாலாவதில் பேனா. இதற்கு அரசாணை தேவையில்லை. காதுகுத்து மாதிரி இதுவும் ஒரு சடங்கு. சில பள்ளிகளில் அஞ்சாவது வரை இழுப்பார்கள். நம் ஆளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"ஜெல்லா, பால் பாயிண்டா?"

"துணியில பட்டா போகணும். அப்படி ஒண்ணு குடுங்க."

"சட்டையில பட்டா சோப்பு போட்டுத் தேச்சா போயிடும் அண்ணே."

"சட்டைய யாரு கேட்டா?"

அவர் கவலை வேறு. ஆரணியில் தறிக்காரர் வீடு என்றால் கூடத்தில் முக்கால்வாசி இடம் தறிக்கு; மிச்சத்தில்தான் மனுஷர்கள். முதலாளி பாவு கொடுத்து, பட்டு கொடுத்து, ஜரிகையை எடை போட்டுக் கொடுத்து, பாதி நெய்த புடவை தறியில் நிற்கும். அதில் கடுகளவு நீல மை விழுந்தால் புடவைக்கு 'டேமேஜ்' என்று பெயர். கூலியில் வெட்டு விழும். ஆகவே பேனா வாங்கி வந்த அன்றைக்கே அவர் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். பென்சில் வீட்டுக்குள் வரலாம். பேனா, செருப்பு மாதிரி, வாசலோடு சரி. அன்றிலிருந்து பையன் தமிழ், ஆங்கில வீட்டுப் பாடங்களைத் திண்ணையில் எழுதுகிறான். கணக்கை மட்டும் உள்ளே பென்சிலில் போடுகிறான். எதிர்வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற எனக்கு இந்த வருஷம் முழுக்க இலவசக் காட்சி.

ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது மூன்று வருஷமும் பையனின் படிப்பு அவன் அம்மா இலாகா. அந்த அம்மா பத்தாவது பாஸ். அப்படியிருக்க நாலாவது வந்ததும் மனுஷர் மந்திரிசபையை மாற்றியமைத்ததற்குக் காரணம் உண்டு. அவர் படித்தது நாலாவது வரை. அந்தக் காலத்தில் கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்வார். கரை நாடாவை வாங்கித் தள்ள பக்கத்தில் ஒரு சின்னப் பையன் உட்காருவான். அந்தச் சின்னப் பையனாக அவருடைய அப்பா அவரை இழுத்து உட்கார வைத்தபோது அவர் நாலாவது முடித்திருந்தார். இன்றைக்கு அப்படிச் செய்தால் குற்றம். அன்றைக்கு அதற்குப் பெயர் பொறுப்பு.

ஆக, நாலாவது அவருக்குச் சொந்த ஊர். அஞ்சாவதில் அவருக்கு வழி தெரியாது. "இந்த ஒரு வருஷம் நான் பாத்துக்கறேன். அடுத்த வருஷத்துலருந்து நீ பாத்துக்கோ" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா, "பாருங்க, பாருங்க" என்று நாடாவுக்கு நூல் தார் சுற்றப் போய்விட்டாள்.

சொந்த ஊருக்கு முப்பத்தைந்து வருஷம் கழித்துத் திரும்பிப் போனால் என்ன ஆகும்? தெருவெல்லாம் மாறியிருக்கும். முதலில், புத்தகம் ஒன்று இல்லை. முப்பருவம் என்று மூன்று பருவத்துக்கு மூன்று புத்தகம். ஜூனில் படித்ததை அக்டோபரில் மூட்டை கட்டிவிடலாம். "போன பாவ மறந்துட்டு இந்தப் பாவ நெய்யின்றான். நல்லாத்தான் இருக்குது" என்று அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள முடியாதது இன்னொன்று. எட்டாவது வரைக்கும் ஃபெயில் கிடையாது என்பது.

"ஃபெயிலே இல்லன்னா எதுக்கு சார் பரிட்சை?"

நான் கல்வி உரிமைச் சட்டம், 2009, அது 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, "எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சிருந்தா என்னை எட்டாவது வரைக்கும் விட்டிருப்பாரு" என்றார். விட்டிருக்கமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த இனத்திலேயே அதிகம் அடிபட்டவர்கள் 2019-ஆம் ஆண்டு நாலாங்கிளாஸ் அப்பாக்கள். அந்தச் செப்டம்பரில்தான் அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு ஆணை போட்டது. அடுத்த வருஷம் நம் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் என்று அவர்களுக்குக் கை கால் ஓடவில்லை. பால்பல் முழுக்க விழாத பிள்ளைகளை டியூஷனில் சேர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அரசே ஆணையை ரத்து செய்தது. அடுத்த மாதம் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தையே மூடியது. அந்த அப்பாக்களில் ஒருவரை இன்றைக்கும் டீக்கடையில் பார்க்கலாம். பரீட்சை என்ற வார்த்தை காதில் விழுந்தால் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

நம்மவர் கதைக்கு வருவோம். கணக்குதான் அவருக்குப் பெரிய சண்டை. "எனக்குக் கணக்கே வராது சார்" என்று சத்தியம் செய்கிறவர், பாவில் ஓடுகிற ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் எந்த இடம் என்று விரலை வைத்துவிடுவார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். எந்த அட்டைக்கு மயில் கழுத்தைத் திருப்பும், எந்த அட்டைக்கு மாங்காய் முடியும் என்பது அவருக்கு மனப்பாடம். புத்தகத்தில் 'அமைப்புகள்' என்று ஒரு பாடம். வட்டம், சதுரம், வட்டம், சதுரம், அடுத்து என்ன வரும் என்று கேட்டிருந்தது. அவர் முகத்தைச் சுளித்து யோசித்து, "இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்" என்று புத்தகத்தை மூடிவிட்டு, மயிலுக்குக் கால் நெய்யப் போனார்.

வகுத்தல் வந்தபோது தெருவே கேட்டது.

"முப்பத்தெட்ட அஞ்சால வகுத்தா ஈவு ஏழு, மீதி மூணு" என்றான் பையன் உள்ளேயிருந்து.

"மீதிய இன்னா பண்ண?"

"மீதிய எழுதிட்டேன்."

"எழுதினா போதுமாடா? திருப்பிக் குடுக்க வேணாம்?"

அவர் பேரில் தப்பில்லை. புடவையை இறக்கும்போது மிச்சப் பட்டையும் மிச்ச ஜரிகையையும் எடை போட்டு முதலாளியிடம் ஒப்படைத்துத்தான் அவருக்குப் பழக்கம். மீதியைச் சும்மா ஓரமாக எழுதி வைத்துவிட்டுப் போகிற கணக்கு அவருக்குத் திருட்டுக் கணக்காகத்தான் தெரியும்.

மார்க் விஷயமும் இப்படித்தான். தறிக்காரர்கள் ஜரிகையை மார்க் கணக்கில் எடை போடுவார்கள். ஒரு மார்க் என்பது ஏறக்குறைய கால் கிலோ. பையன் ஓடிவந்து "அப்பா, அம்பது மார்க்!" என்றபோது மனுஷருக்கு ஒரு கணம் கண் பளபளத்தது. அம்பது மார்க் ஜரிகையை விற்றால் இரண்டு தலைமுறை தறியில் உட்கார வேண்டாம்.

வாய்ப்பாட்டைத் தறியோடு கட்டிவிட்டார். மிதிக்கு ஒரு வரி. கால் ஒரு மிதி, நாடா ஒரு ஓட்டம், அச்சுப் பலகை ஒரு தட்டு, "ஒரு பன்னெண்டு பன்னெண்டு". மறு மிதி, "ஈர் பன்னெண்டு இருபத்திநாலு". பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் தறி ரயில் மாதிரி ஓடும். பதிமூன்றில் சிக்கல். அவர் படித்தபோது பன்னிரண்டோடு நின்றுவிட்டார்கள். "ஆறு பதிமூணு எழுபத்தெட்டு" வரைக்கும் எப்படியோ வந்துவிடும். ஏழில் பையனும் நிற்பான், தறியும் நிற்கும். தெருவில் அந்த அமைதி விழுந்ததும், அடுப்பங்கரையிலிருந்து "தொண்ணூத்தொண்ணு" என்று ஒரு குரல் வரும். தறி மறுபடி ஓடும்.

சமூக அறிவியலில் ஐவகை நிலங்கள் பாடம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பையன் வாசித்தான். நாலாவது பெயரில் தறி நின்றது.

"இன்னாடா சொன்ன?"

"நெய்தல்."

"நெய்தலா! பாத்தியா! நம்ம தொழிலுக்குன்னு தனியா ஒரு நிலமே ஒதுக்கியிருக்காங்க!"

பையன் அப்பா முகத்தைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். "அது கடலுப்பா. மீன் பிடிக்கிறவங்க" என்று மெதுவாகச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நம்மளுது எந்த நிலம்?" "டீச்சர் மருதம்னாங்க. ஆரணி அரிசி விளையுதில்ல." "அரிசி விளையுது சரி. பட்டு?" சங்கப் புலவர்கள் இதற்குப் பதில் வைத்துவிட்டுப் போகவில்லை.

ஆனால் ஐவகை நிலங்களுக்கு அட்டையில் மாதிரி செய்துகொண்டு வரச் சொன்னபோது அவர் பழி தீர்த்துக்கொண்டார். நாலாங்கிளாஸ் அப்பா என்பவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் தெர்மாகோல் தேடி அலைகிறவர். அது ஊர் உலகத்துக்குப் பொது. இவர் அலையவில்லை. மருதத்துக்கு வீட்டு அரிசி. குறிஞ்சிக்கு ஜவ்வாது மலை சாயலில் களிமண். பாலைக்குக் கமண்டல நாக நதியில் இறங்கி ஒரு பை மணல். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, மணல் உண்டு. நெய்தலுக்கு மட்டும் கழிவுப் பட்டு நூலில் மயில்கழுத்து நீலமாகப் பார்த்துப் பொறுக்கி, இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து, கையகலத்துக்கு ஒரு கடல் நெய்தார். அலை நுரைக்கு ஜரிகைத் துணுக்கு. புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டில் கடல் செய்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். மறுநாள் டீச்சர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நெய்தல் ரொம்ப நல்லா நெய்திருக்கு" என்றாராம். இந்த வாக்கியத்தை அவர் என்னிடம் சொன்னது ஏழு தடவை.

ஆரணிப் பக்கம் புதுக்காமூரில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. தசரதன் பிள்ளை வேண்டி யாகம் செய்த இடம் என்பது ஊர் நம்பிக்கை. பிள்ளையில்லாதவர்கள் வந்து வேண்டிக்கொள்வார்கள். பத்து வருஷம் முன்னால் இவரும் வேண்டிக்கொண்டவர்தான். அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் அங்கே கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். "அதான் குடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்றேன். "குடுத்தாரு சார். பின்ன பின்னம் யாரு சொல்லிக் குடுக்கிறது?" தசரதனுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. நாலு பிள்ளைகள் பெற்றும் ஒருவனுடைய வீட்டுப் பாடத்திலும் அவன் உட்கார்ந்ததாகக் கேள்வியில்லை. வசிஷ்டர் இருந்தார், அப்புறம் விசுவாமித்திரர் வந்து கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் பருவத்தில் ஒருநாள் பிள்ளைகளைத் திருமலைக்கு வேனில் அழைத்துப் போனார்கள். ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில், வடமாதிமங்கலம் பக்கம் இருக்கிற சமணத் தலம். கூட வர ஒரு பெற்றோர் வேண்டும் என்றதும் தறிக்கு லீவு விட்டுவிட்டு வேனில் முதல் ஆளாக ஏறியது யார் என்று சொல்லவேண்டியதில்லை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பேரால் அங்கே குந்தவை ஜினாலயம் இருக்கிறது என்று டீச்சர் சொன்னதும், ஒரு பாப்பா கையைத் தூக்கி, "திரிஷா கட்டினதா மிஸ்?" என்று கேட்டது. 2022-இல் திரிஷா குந்தவையாக நடித்த 'பொன்னியின் செல்வன்' வந்ததிலிருந்து சரித்திரம் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் சுலபம், கொஞ்சம் கஷ்டம்.

மேலே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் நேமிநாதர், பதினாறு அடிச் சொச்சம். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கண்ணாலேயே கீழிருந்து மேலே அளந்தார். "ஒரு புடவைக்கு ரெண்டு அடி குறைவு" என்றார் பையனிடம். பையன் அவர் காதில், "அவரு திகம்பரருப்பா. துணியே கட்டமாட்டாரு" என்றான். புடவை நெய்கிற மனுஷர், அது இல்லாமலே இத்தனை நூற்றாண்டு நிம்மதியாக நிற்கிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கைகூப்பினார்.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் தீராத ஆசை. ரேங்க் கிடையாது. 2022-இல் ஒண்ணாவது முதல் மூணாவது வரை தொடங்கி, மறு வருஷம் நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். "பூக்கடை வெச்சிருக்காங்களா?" என்று முதலில் கிண்டல் செய்தவர், போகப் போக அதிலேயே விழுந்துவிட்டார். சாயங்காலம் பையன் தெருமுனை திரும்பும்போதே தறியிலிருந்து குரல் வரும்: "இன்னிக்கு இன்னாடா, மொட்டா மலரா?"

ஏப்ரலில் பரீட்சை முடிந்தது. நோட்டுகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்து அவர் கூலிக் கணக்கு எழுத வைத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பேனாவும் கிடைத்தது. பையன் வாசலில் விட்டுவிட்டு மறந்திருந்தான். போன வாரம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்தார். முன்பணம் கழித்து, பாக்கி எழுதியிருந்தார். பாக்கியின் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் திருத்திய தொகை, அவர் எழுதியதைவிட நூற்றைம்பது ரூபாய் கூட. பக்கத்தின் அடியில், அதே சிவப்பில், அழகான கையெழுத்தில் ஒரு சொல்: மொட்டு.

"நூத்தம்பது கெடச்சுதா?" என்றேன்.

"முதலாளி பாத்துட்டு உடனே குடுத்துட்டாரு. அது இல்ல சார் விஷயம். மலர் ஏன் போடலன்னு கேட்டேன். பதிமூணாம் வாய்ப்பாடு முழுசா ஒப்பிச்சா போடறேங்கிறான்."

அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுத் தறி ஓடியது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். "ஆறு பதிமூணு எழுபத்தெட்டு" வரைக்கும் கேட்டது. அப்புறம் தறி நின்றது. அடுப்பங்கரையிலிருந்தும் சத்தம் இல்லை.