செவிக்கு மதிப்பெண் உண்டா? தேர்வாணையத்துக்கு ஓர் இசை ரசிகரின் விண்ணப்பம்

அனுப்புநர்
இசை ரசிகர் ஒருவர் (குறிப்பிடத்தக்க வேறு தகுதி இல்லை),
ஒலக்கூர், திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள் அவர்கள்,
தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், சென்னை.

பொருள்: பாட்டுக் கேட்பதை ஒரு தகுதியாக அங்கீகரிக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தொகுதி 4 தேர்வின் பாடத்திட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

1929இல் மதராஸ் சர்வீஸ் கமிஷனாகப் பிறந்து, இந்திய மாகாணங்களிலேயே முதல் தேர்வாணையம் என்ற பெருமையோடு நடைபோடும் தங்களை வணங்குகிறேன். தாங்கள் அரசுக்கு ஆள் எடுத்துத் தரும் அலுவலகம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் தங்கள் அதிகாரம் அதைவிடப் பெரிது. எது அறிவு, எது வெட்டிவேலை என்று வீட்டுக்கு வீடு தீர்ப்பு வழங்குவது தாங்கள்தான். 2025 ஜூலை 12 அன்று நடந்த தொகுதி 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். முதலில் அறிவித்த பணியிடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 14 லட்சம். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 350 பேர். வேலை ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் தங்கள் பாடத்திட்டம் மற்ற 349 வீடுகளிலும் சட்டமாகிவிடும். அதில் இருப்பதைச் செய்யும் பிள்ளை ‘படிக்கிறான்’; இல்லாததைச் செய்யும் பிள்ளை ‘சும்மா கிடக்கிறான்’. எங்கள் இனத்தவர், அதாவது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு திரியும் ரசிகர்கள், இந்த இரண்டாம் பட்டியலில் நிரந்தரப் பணியிடம் பெற்றிருக்கிறார்கள். அதை மறுபரிசீலனை செய்யக் கோருவதே இவ்விண்ணப்பம்.

முதலில், தாங்கள் அறிவு என்று ஏற்றுக்கொண்ட புதிர். தொகுதி 4இன் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுக்கு உரியவை. தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் ஆகியவற்றோடு புதிர்கள், பகடை, எண் வரிசை, எண் எழுத்துக் காரணவியல் எல்லாம் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. ஒருவர் 10 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 15 நாளில் முடித்தால், இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது தங்கள் வகை வினா. 6 நாள் என்பது சரியான விடை. இருவர் சேர்ந்தால் கோப்பு நகர 25 நாள் ஆகும் என்பது அரசு அலுவலகத்தின் விடை. இருந்தாலும் முதல் விடைக்குத்தான் மதிப்பெண் தருகிறீர்கள். தருக்கம் வாழட்டும். பகடையின் மறைந்த பக்கத்தில் எத்தனை புள்ளி என்று கண்டுபிடிப்பவர் நாளை கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. நிலப் பதிவேட்டில் மறைந்த பக்கங்கள் நிறையவே உண்டு.

அடுத்து கால்பந்து. 1950 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றும் பிரேசிலுக்குப் போகாத நாடு நம்முடையது; அதன் பிறகு ஒருமுறையும் ஆண்கள் உலகக் கோப்பையில் ஆடியதில்லை. ஆடாத இடத்தில்தான் பேச்சு செழிக்கிறது. 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் அர்ஜென்டினாவும் பிரான்சும் 3–3 என்று நின்று, பெனால்டியில் 4–2 என்று முடிந்த ஆட்டத்தை அலசாத தேநீர்க் கடை இல்லை. அப்படி அலசுவது ஊதாரித்தனம் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது நடப்பு நிகழ்வு. ‘விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணியில் 3 விழுக்காடு இடம் உண்டு, இசைக் கலைஞர்களுக்கு இசைக் கல்லூரியும் கலைமாமணியும் உண்டு, வெறும் ரசிகனுக்கு என்ன உரிமை?’ என்று தாங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எந்த நாடு எந்தக் கோப்பையை வென்றது என்ற விவரம் ஆடுபவருக்கான அறிவா, பார்த்துக்கொண்டிருந்தவருக்கான அறிவா? பந்தை உதைக்கத் தெரியாதவரும் அதற்கு மதிப்பெண் வாங்கலாம். ஆகவே ரசிகர்களுக்கு மதிப்பெண் தரும் கொள்கையைத் தாங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். ரசிகர் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் மட்டும் பாகுபாடு காட்டுகிறீர்கள்.

பாட்டுக் கேட்பதில் மூளைக்கு வேலை இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்கள் ஆறு ஆறாக 12 சக்கரங்களில் அடுக்கப்பட்டவை. எழுத்துக்கு எண் தரும் கடபயாதி முறைப்படி இராகத்தின் பெயரிலேயே அதன் வரிசை எண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மாயாமாளவகௌளையில் ‘மா’வுக்கு 5, ‘யா’வுக்கு 1, 51ஐத் திருப்பிப் போட்டால் 15, அதுவே அதன் எண். மேசகல்யாணியில் 5, 6; திருப்பினால் 65. எண் எழுத்துக் காரணவியலுக்கு இதைவிட நல்ல மாதிரி வினாவைத் தங்கள் வினாத்தாள் தயாரிப்பாளர்கள் இதுவரை தந்திருப்பார்களா என்பது ஐயமே. கச்சேரியில் தொடையில் தட்டிக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 32 மாத்திரை. 6 மாத்திரைத் தீர்மானம் ஒன்றை, நடுவே இரண்டிரண்டு மாத்திரை விட்டு மும்முறை வாசித்தால் 22 ஆகும். 10 மாத்திரை போன பிறகு எடுத்தால்தான் அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழும். இதை அவர் காகிதமில்லாமல், பென்சில் இல்லாமல், கூடவே ‘பேஷ்’ என்றும் சொல்லிக்கொண்டு கணக்கிடுகிறார். சினிமாப் பாட்டு ரசிகரும் சளைத்தவர் அல்லர். பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நான்கே சுரங்கள் கொண்ட மகதி இராகத்தை எம்.எஸ்.விஸ்வநாதன் ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் ஒரு பாட்டாக விரித்தது எப்படி என்று பேசத் தொடங்கினால், அவர் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுவிடுவார்.

‘இருக்கட்டும், அது தனிமனித இன்பம், அதனால் நாட்டுக்கு என்ன பயன்?’ என்று தாங்கள் கேட்பீர்கள். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், மக்களின் ரசனையை உயர்த்தியே தீருவது என்று முடிவு செய்து, அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஏறத்தாழ வெளியேற்றினார். ரசிகர்கள் ஊர்வலம் போகவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பாட்டைக் கேட்டுக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். 1957 அக்டோபர் 3 அன்று இந்திய அரசே விவித பாரதி என்று ஒன்றைத் தொடங்கிப் பாட்டைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால், மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக ஒதுக்கப்பட்டிருந்தபோது, கேட்பவர்களுக்குப் புரிகிற மொழியில் பாடினால் என்ன என்ற கேள்வி வலுத்துத்தான் 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களால் ஒரு மத்திய அமைச்சரின் கொள்கையும் ஒரு மேடை மரபும் மாறின. பகடை உருட்டி எந்தக் கொள்கை மாறியது என்பதைத் தாங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

அந்த வானொலிக் கதையில் அரசுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. ஐந்து ஆண்டு காலம் அரசு கோட்டை விட்டது எதை? கேட்பதைத்தான். தாங்கள் தொகுதி 4 வழியாக எடுப்பவர்கள் கிராம நிர்வாக அலுவலர்கள், இளநிலை உதவியாளர்கள், தட்டச்சர்கள். மக்கள் முதலில் வந்து நிற்பது இவர்கள் மேசைக்கு முன்னால்தான். அங்கே எண் வரிசையின் அடுத்த எண்ணை யாரும் கேட்பதில்லை. பட்டா மாறவில்லை, முதியோர் உதவித்தொகை வரவில்லை, வாரிசுச் சான்றிதழில் பெயர் தப்பாகிவிட்டது என்று ஒரே குறையை ஒவ்வொருவரும் தம் குரலில் சொல்கிறார்கள். திங்கள்கிழமை தோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வரும் பலரும் கீழ்மட்டத்தில் காது கிடைக்காதவர்கள்தான். இந்த வேலைக்குத் தேவையான முதல் தகுதி, சொல்வதை முடிக்கும்வரை கேட்பது. அதில் பயிற்சி பெற்ற இனம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டென்றால் அது எங்கள் இனம். ஆயிரம் முறை கேட்ட பாட்டை ஆயிரத்தோராம் முறையும் புதிதாகக் கேட்டு, இதுவரை கவனிக்காத ஒரு வயலின் இழையைக் கண்டுபிடிப்பவர், நூறாவது பட்டா மனுவிலும் மற்றவர் காணாத ஒரு சங்கதியைக் காண மாட்டாரா?

பாட்டுப் பித்து உள்ளவர்களிலும் சிடுமூஞ்சிகள் உண்டே என்பது வலுவான ஆட்சேபம். உண்டுதான், மறுக்கவில்லை. இசை கேட்டவர் எல்லோரும் பொறுமைசாலி ஆவார் என்று எந்த ஆய்வையும் நான் இணைக்கவில்லை. அதே அளவுகோலில், பகடைப் புள்ளி சொன்னவர் எல்லோரும் நல்ல அலுவலர் ஆவார் என்பதற்கும் ஓர் ஆய்வை இணைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ரசிகர்கள் சண்டைக்காரர்கள், ராஜாவா ரஹ்மானா என்று விடியும்வரை வாதிடுவார்கள் என்றும் சொல்வார்கள். விடை குறித்த சண்டையைக் கண்டு தாங்கள் அஞ்சலாமா? ஒவ்வொரு தேர்வுக்கும் உத்தேச விடைக்குறிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை தெரிவிக்க நாள் குறித்து, அதன் பிறகும் நீதிமன்றம் வரை போய்வரும் நிறுவனம் அல்லவா தங்களுடையது!

இவ்வளவு வாதிட்ட பிறகு, ‘சரி, பாடத்திட்டத்தில் இசையைச் சேர்த்துவிடுவோம்’ என்று தாங்கள் மனமிரங்கிவிடக் கூடும். அந்த ஆபத்தைத் தடுக்கவே இந்தப் பத்தி. எங்கள் வட்டத்தின் தலைமையிடமான திண்டிவனத்தில் கிடங்கல் என்று ஒரு பகுதி உண்டு. சங்க காலத்தில் அது ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் தலைநகரான கிடங்கில். சிறிய யாழோடு வறுமையில் அலைந்த பாணர்களை அவனிடம் ஆற்றுப்படுத்துவதுதான் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. பாணர்கள் நடந்த வழி மரக்காணக் கடற்கரையான எயிற்பட்டினத்தைத் தொட்டு வருகிறது. எங்கள் சுற்றுவட்டாரமே அந்த நூலில் கிடக்கிறது. ஆக, இந்த மண்ணில் அரசனின் பெருமை இசைஞனுக்குக் காது கொடுத்ததில் இருந்தது. தேர்வு வழிகாட்டி நூல்களில் அந்த நூல் எப்படி இருக்கிறது? ஆசிரியர்: நல்லூர் நத்தத்தனார். அடிகள்: 269. பாட்டுடைத் தலைவன்: நல்லியக்கோடன். அவ்வளவுதான். யாழைக் கழற்றி வைத்துவிட்டு அடிகளை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார்கள். கிடங்கல் வழியாகப் பேருந்தில் பயிற்சி வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு 269 தெரியும். பேருந்து கடக்கும் இடம் அந்தத் தலைநகர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இசை பாடத்திட்டத்தில் சேர்ந்தால் இதே கதிதான். ‘அன்னக்கிளி’ வெளிவந்த ஆண்டு எது? (அ) 1974 (ஆ) 1975 (இ) 1976 (ஈ) 1977 (உ) விடை தெரியவில்லை. ஒரு பாட்டைக்கூடக் கேட்காதவர் சரியான விடையைக் கருப்பு மையால் நிரப்புவார். பாட்டில் மூழ்கிக் கிடந்தவர், எந்த ஆண்டில் கேட்டாலும் அது அன்றைக்கு வந்த பாட்டுபோல இருக்கிறதே என்று மயங்கி, ஐந்தாம் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்.

ஆகவே, பணிந்து கோருவன மூன்று. ஒன்று, இசையைக் குறித்து எந்தக் கொள்குறி வினாவும் எக்காலத்திலும் கேட்பதில்லை என்று அரசிதழில் உறுதி தர வேண்டும். இரண்டு, பாட்டுக் கேட்பது தேர்வுத் தயாரிப்புக்கு இழைக்கும் துரோகம் ஆகாது என்று பெற்றோருக்கு ஒரு செய்திக்குறிப்பு வெளியிட வேண்டும். தங்கள் செய்திக்குறிப்பை நம்பும் அளவுக்கு எங்கள் வீடுகளில் எங்கள் சொல்லை நம்புவதில்லை. மூன்று, பொதுமக்களை நேரில் சந்திக்கும் பணிகளுக்கு எழுத்துத் தேர்வோடு ஒரு செவித் தேர்வும் வைக்க வேண்டும். பட்டா மாறாத ஒரு மூதாட்டி விண்ணப்பதாரர் எதிரே உட்கார்ந்து, தம் மாமனார் காலத்திலிருந்து கதையைத் தொடங்கட்டும். நடுவில் குறுக்கிடாமல், கைப்பேசியைப் பார்க்காமல், ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லாமல் கடைசிவரை கேட்டு, அவர் கேட்டது என்ன என்பதை அவருக்கே சரியாகத் திருப்பிச் சொல்பவர் தேறியவர். இந்தத் தேர்வில் எங்களுக்கு ஒதுக்கீடு வேண்டாம். புதிர்க்காரர்கள், கால்பந்துக்காரர்கள் எல்லோரோடும் சமமாகவே உட்காருகிறோம். எங்களில் தோற்பவரும் இருக்கலாம். மதிப்பெண் போடுவது மட்டும் அந்த மூதாட்டியின் பொறுப்பில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இசை ரசிகர், ஒலக்கூர்.

இணைப்பு: கல்விச் சான்றிதழ் நகல் – 1. அனுபவச் சான்றிதழ் – பாட்டுக் கேட்டதற்குச் சான்றொப்பமிடும் அதிகாரி எவரும் இல்லாமையால் இணைக்கப்படவில்லை.