பாதி வருசத்துக்குத்தான் தீர்ப்பு

கறுப்புக் கோட்டு தைச்சு வந்துடுச்சா பேராண்டி? நல்லாத்தான் இருக்கு. இப்படித் திண்ணையில உக்காரு, தொழில் சொல்லித் தர்றேன். கொலைக் கேஸுப் பக்கம் போகாத. உள்ள போவான், இல்லாட்டி வெளிய வருவான், ரெண்டுல ஒண்ணு ஆனதும் உன் வருமானம் நின்னு போயிடும். பாகப்பிரிவினையும் வேணாம். அண்ணன் தம்பிக்கு வயசாயிடுச்சுன்னா ஒரு காதுகுத்துல சமாதானம் ஆயிடுவானுங்க. புடிச்சா ஆத்துத் தண்ணி கேஸைப் புடி. நீ வாதாடலாம், உன் மவன் வாதாடலாம், உன் பேரன் போய் நின்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்.

நம்ம காவேரியைப் பாரு. 1892-ல மெட்ராஸ்காரனும் மைசூர்காரனும் ஒரு ஒப்பந்தம் போட்டான். அதுலயே சண்டை வந்து 1924-ல இன்னொண்ணு போட்டான். அம்பது வருசம் கழிச்சுத் திரும்பப் பாத்துக்குவோம்னு எழுதி வெச்சான் புண்ணியவான். எழுதினவனுக்கென்ன, 1974-ல அவன் இருக்கப் போறதில்ல. அந்த வருசம் வந்ததும், ஒப்பந்தம் செத்துப் போச்சுன்னான் கர்நாடகாக்காரன். சில ஷரத்தைத் திருத்தலாம்னுதான் இருக்கு, ஆளு உசுரோடதான் இருக்கான்னோம் நாம. அதுக்கு முன்னாடி 1971-லயே உச்ச நீதிமன்றத்துல கேஸைப் போட்டோம். மறு வருசம் பேசித் தீத்துக்கலாம்னு வாபஸ் வாங்கினோம். பேசினாங்கப்பா, பேசினாங்க! இருபது தடவைக்கு மேல பேசினாங்க. காப்பித்தண்ணிக்கு மட்டும் எந்த ஊர்லயும் தட்டுப்பாடு வரல.

பேசறவங்களை நம்பி ஆகாதுன்னு நம்ம விவசாயச் சங்கம் ஒண்ணு 1983-ல கோர்ட்டுக்குப் போச்சு. 1990-ல நடுவர் மன்றம் வந்துச்சு. மறு வருசமே, இப்போதைக்கு வருசம் 205 டிஎம்சி விடுன்னு இடைக்கால உத்தரவு. கர்நாடகா ஒரு அவசரச் சட்டம் போட்டு மறிச்சுது, உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு தள்ளுச்சு, பெங்களூர்ல கலவரம் வெடிச்சுது. தமிழ் பேசினதைத் தவிர வேற தப்பு பண்ணாத சனம் ராத்திரியோட ராத்திரியா மூட்டையைக் கட்டுச்சு. அதுல மட்டும் எனக்குச் சிரிப்பு வரல.

இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில வந்துச்சு. பதினேழு வருசம். அதை அரசிதழ்ல அச்சடிக்க 2013 ஆச்சு. அச்சுல மை காயறதுக்குள்ள அப்பீல் ஓடிக்கிட்டிருந்துச்சு. 2018-ல உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் கடைசி: எல்லையில பிலிகுண்டுலுவுல நமக்கு வந்து சேர வேண்டியது நடுவர் மன்றம் சொன்ன 192 இல்ல, 177.25 டிஎம்சி. டெல்டாவுல நிலத்தடித் தண்ணி இருக்குல்ல, அதுல 10 டிஎம்சியைக் கணக்குல சேத்துக்கன்னு குறைச்சாங்க. நாகப்பட்டினத்துக் கடைமடைக்காரன் போர் போட்டு ஒரு வாய் குடிச்சுப் பாத்தா தெரியும் அந்தக் கணக்கோட உப்பு. இன்னொரு 4.75 பெங்களூர் குடிதண்ணிக்கு. சரி, குடிக்கறவன் வாயில மண்ணு போட முடியுமா?

ஆறு வாரத்துல இந்தத் தீர்ப்பை நடத்த ஏற்பாடு பண்ணுங்கன்னு டெல்லிக்கு உத்தரவு. ஆறு வாரமும் கழிஞ்ச பிற்பாடு, நீங்க சொன்னதுக்கு விளக்கம் வேணும்னு மத்திய அரசு மனுப் போட்டுச்சு. இந்த இடத்தை நல்லா கவனி பேராண்டி, உனக்குப் பிற்காலத்துல உதவும். ஒருவழியா அந்த ஜூன்ல மேலாண்மை ஆணையம் வந்துச்சு.

அப்ப எல்லாம் முடிஞ்சு போச்சேன்னு முகத்தைத் தொங்கப் போடாத. சூட்சுமம் இங்கதான் இருக்கு. நடுவர் மன்றம் ஆத்துல மொத்தம் 740 டிஎம்சின்னு வெச்சுக்கிட்டுத்தான் பங்கு போட்டுச்சு. அந்த 740 வருசா வருசம் வர்ற தண்ணி இல்ல. 50 சதவீத நம்பகம்னு சொல்வாங்க. நூறு வருசத்துல அம்பது வருசம் அவ்வளவு வரும், மீதி அம்பது வருசம் வராது. ஆகப் பாதி வருசத்துக்குத்தான் தீர்ப்பு இருக்கு. மத்த பாதி பூரா உனக்குச் சோறு!

தண்ணி குறைஞ்சா அவங்கவங்க பங்குக்குத் தக்கபடி குறைச்சுக்கங்கன்னு அதுலயே ஒரு வரி இருக்குதான். எவ்வளவு குறைஞ்சுதுன்னு எவன் சொல்றது? எப்ப சொல்றது? ஆகஸ்ட்ல 45.95 டிஎம்சி வரணும். கேட்டா, தென்மேற்குப் பருவமழை காலை வாரிடுச்சு, உங்களுக்குத்தான் ஐப்பசியில வடகிழக்கு மழை வருமேங்கறான் கர்நாடகாக்காரன். ஐப்பசி மழையை வெச்சு ஆவணியில கருகுற குறுவையைக் காப்பாத்த முடியுமாங்கறோம் நாம. ரெண்டு பேர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கற கேஸு வக்கீலுக்குக் கெடைக்கறது பூர்வ ஜென்மப் புண்ணியம்.

2023-ல பாத்தோமே. வினாடிக்கு 5,000 கனஅடி விடுன்னு உத்தரவு. வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் ராப்பகலா ஓடினாத்தான் ஒரு டிஎம்சி. அப்ப இது ஒரு நாளைக்கு அரை டிஎம்சிகூட இல்ல. அதுக்கே பெங்களூர் ஒரு நாள் பந்த், மூணு நாள் கழிச்சுக் கர்நாடகா முழுக்க இன்னொரு பந்த். மண்டியாக்காரனும் நம்மளாட்டம் கோமணம் கட்டினவன்தான், அவன் வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. கன்னட சினிமாக்காரன் மேடையேறி ஏன் அழுவுறான்னுதான் புரியல. நம்ம பக்கத்து சினிமாக்காரன் ஏன் உண்ணாவிரதம் இருந்தான்னும் புரியல.

மழை பெய்ஞ்சுட்டா கேஸு தூங்கிடும், அப்ப மட்டும் கொஞ்சம் கையைக் கடிக்கும். தீர்ப்பு வந்த அதே 2018-லயே ஜூலையில மேட்டூர் 120 அடியைத் தொட்டுச்சு. கேட்டதுக்கு மேல வந்துச்சு தண்ணி. நாம என்ன பண்ணினோம்? முக்கொம்புல, பிரிட்டிஷ்காரன் 1836-ல கட்டின கொள்ளிடம் அணையில, 9 மதகு ஒரே ராத்திரியில அடிச்சுக்கிட்டுப் போச்சு. ஒவ்வொரு டிஎம்சிக்கும் நூறு வருசமா மல்லுக்கு நின்ன தண்ணி, வங்கக் கடலுக்கு வாய்தா இல்லாமப் போய்ச் சேந்துச்சு.

அது கிடக்கட்டும். முதல் கேஸு உனக்கு நானே தர்றேன். நம்ம வயலு தலைமடையாச்சே. முறைத்தண்ணியில நான் ராத்திரியில மடையை ஒரு சாண் கூடத் திறந்து வெச்சேன்னு கடைமடைக்காரன் ஊர்ப் பஞ்சாயத்துல பிராது கொடுத்திருக்கான், அடுத்து கோர்ட்டுக்குப் போவேங்கறான். நீதான் எனக்கு வக்கீல். பெரிசா ஒண்ணும் பேச வேணாம். எவ்வளவு தண்ணி போச்சுன்னு அளந்து காட்டச் சொல்லு. அளந்தா, அளந்த கோலு சரியில்லன்னு சொல்லு. அப்புறம் நிபுணர் குழு கேளு. எப்படியாவது ஜனவரி 28 வரைக்கும் இழுத்துடு. அன்னிக்கு மேட்டூரை அடைச்சிடுவான், என் நெல்லும் களத்துக்கு வந்துடும். ஃபீஸா? அறுவடை ஆகட்டும், பேசித் தீத்துக்கலாம்.