பிரேக் குழாய் நட்டு இளகாமை: ஒரு நானில ஆய்வு

தமிழில் காதலுக்கு இலக்கணம் உண்டு, போருக்கு உண்டு, பரத்தையிடம் போய்த் திரும்பியவனைத் தலைவி வாசலில் நிறுத்துவதற்குக்கூட உண்டு. பழைய அம்பாசடர் காரின் பின் ஆக்சிலுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பிரேக் குழாயின் நட்டைத் திருகித் தோற்பவனுக்கு மட்டும் ஒரு துறை ஒதுக்கப்படவில்லை. தொல்காப்பியர் காலத்தில் அம்பாசடர் இல்லை என்பது ஏற்கத்தக்க சமாதானம். நச்சினார்க்கினியருக்கும் அதே சலுகையைத் தரலாம். 2014 மே மாதம் அம்பாசடரைத் தயாரித்த உத்தர்பாரா ஆலை ஓய்ந்த பிறகும் தமிழ்த்துறைகள் மௌனம் காப்பதற்குத்தான் காரணம் புலப்படவில்லை. அக்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லை: கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், மேற்கே களியக்காவிளை, தெற்கே கடல், மேலே காரின் அடித்தட்டு.

வரலாற்றுப் பின்னணி இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் தொடமாட்டார்கள். எனவே: 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அவர்களுள் பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை நடத்தினார். 1777இல் இறந்து அங்கேயே அடக்கமானார். இதற்கும் பிரேக் நட்டுக்கும் தொடர்பில்லை. மேலே செல்வோம்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் அம்பாசடரை இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து உருவாக்கியது. காரோடு அங்குலக் கணக்கும் வந்து சேர்ந்தது. அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரின் அழுத்தம் 3/16 அங்குல இரும்புக் குழாய்கள் வழியே சக்கரங்களுக்குப் போகிறது. குழாயின் நுனியை விரித்து மடக்கியிருப்பார்கள். குழாயின் மேலேயே நழுவி வரும் ஒரு சிறு நட்டு அந்த நுனியைச் சக்கரத்திலுள்ள சிலிண்டரின் வாயோடு இறுக்கிப் பிடிக்கும். வாஷர் கிடையாது, பசை கிடையாது. இரும்பை இரும்பு அழுத்தியே ஆயில் ஒழுகாமல் நிற்கிறது. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்துப் பொத்துக்கொண்டால் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போகும். ஆகவே இந்த நட்டைக் கழற்றுவது பொழுதுபோக்கல்ல.

இனி நிலம். குமரி மாவட்டத்துக்காரர் எவரும் இரண்டாவது சாயாவுக்குள் சொல்லிவிடும் பெருமை ஒன்று உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன, பாலை மட்டும் கிடையாது என்பார். துருவின் பக்கம் நின்று பார்த்தால் இது பெருமையா என்பது ஐயத்துக்குரியது. குளச்சல், முட்டம், மணக்குடி ஆகிய நெய்தல் ஊர்களில் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. உப்பிலுள்ள குளோரைடு இரும்பின்மேல் எந்தப் பாதுகாப்புப் படலத்தையும் நிலைக்கவிடாது. சாமித்தோப்பிலும் புத்தளத்திலும் பாத்தி கட்டி விளைவிக்கும் உப்பு, காரின் அடியில் பாத்தி இல்லாமலே விளைகிறது. சுசீந்திரத்தைச் சுற்றிய மருதத்தில் வயல்சேறு குழாயின் மேல் அப்பி, வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். இது மறைவில் நடக்கும் அரிப்பு, கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும். பேச்சிப்பாறை, கோதையாற்றுக் குறிஞ்சிக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே சொந்தம். முல்லை என்று ஒரு வசதிக்காக நான் கொள்ளும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மட்டும், காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வண்டியையும் உலர்த்திவிடுகிறது. அங்கத்து நட்டுக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

இங்கே ஒரு கோட்பாட்டுச் சிக்கல் எழுகிறது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல் என்பது உரிப்பொருள் மரபு. நட்டும் சிலிண்டரும் புணர்ந்திருக்கின்றன, பல ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன, மெக்கானிக் ஊடுகிறார், உரிமையாளர் இரங்குகிறார். நமக்கு வேண்டியதோ பிரிதல். பிரிதல் பாலைக்குரியது. குமரியில் பாலை இல்லை. ஆகவே நட்டு பிரியாது. தருக்கப்படி ஆய்வு இத்துடன் முடிந்துவிட்டது. வண்டி நாளைக் காலை வேண்டும் என்பதால் மட்டுமே தொடர்கிறேன்.

இரும்பு துருவாகும்போது பருக்கிறது. உருவாகும் ஆக்சைடு, தின்னப்பட்ட இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் உலோகங்களுக்கான இந்த விகிதக் கணக்கை 1923இல் வகுத்தார்கள். மரைகளுக்கு இடையே அந்தக் கூடுதல் இடம் கிடையாது. கேட்ட இடம் கிடைக்காத துரு, நட்டையும் சிலிண்டரையும் நெட்டித்தள்ளி இறுக்குகிறது. தில்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாகத் துருவுக்குத் தப்பி நிற்பதற்கு அதிலுள்ள பாஸ்பரஸ் ஒரு காரணம். அந்தக் கொல்லர்களை அம்பாசடர்க்காரர்கள் கலந்தாலோசித்திருக்கலாம்.

துருவால் நட்டுக்கு வரும் இப்பற்று இரண்டு வகை: புறப்பற்று, அகப்பற்று. நட்டின் வெளிமரை சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வது புறம். இது கைக்குத் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியும். நட்டின் உள்துளை குழாயோடு ஒட்டிக்கொள்வது அகம். இதுவே வஞ்சகமானது. ஏனெனில் நட்டு இளகுகிறது. திருகுகிறவர் முகத்தில் வெளிச்சம் வருகிறது. கால் சுற்று போன பிறகுதான், துவைத்த வேட்டியைப் பிழிவதுபோல் குழாயும் கூடவே முறுக்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. இன்னொரு கால் சுற்றில் குழாய் அறும். அகப்பற்றைக் கண்டறிய ஒரே வழி, திருகும்போது நட்டைப் பார்க்காமல் குழாயைப் பார்ப்பது. குழாய் அசைந்தால் நிறுத்தி, மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம், இளக்கும் பக்கம் கொஞ்சம் என்று முன்னும் பின்னும் ஆட்டி, நட்டுக்கும் குழாய்க்கும் நடுவே எண்ணெய் இறங்க வழிசெய்ய வேண்டும்.

ஆனால் இந்த மாவட்டத்தின் நட்டுகளில் துருவால் கெட்டவற்றைவிட ஸ்பேனரால் கெட்டவையே அதிகம் என்பதுதான் என் துணிபு. நட்டின் தலை 7/16 அங்குலம், மில்லிமீட்டரில் 11.11. நம் பட்டறைகளில் கைக்கு முதலில் அகப்படுவது பத்து-பதினொண்ணு, பன்னெண்டு-பதிமூணு என்று இரட்டை வாய் கொண்ட ஸ்பேனர்கள். பதினொன்று நட்டில் லேசில் ஏறாது; வித்தியாசம் மில்லிமீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. பன்னிரண்டு தாராளமாக ஏறும். ஏறிய உற்சாகத்தில் திருகினால் ஆறு முனையும் மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். "சவம், உருண்டு போச்சுலே" என்ற சொற்றொடர் வடசேரி முதல் மார்த்தாண்டம் வரை வட்டார வேறுபாடின்றி வழங்குகிறது. உருண்டபின் வைஸ் கிரிப் வரும். அது நட்டை நெரித்துக் குழாயோடு இன்னும் இறுக்கும். புறப்பற்றுக்கு மருந்து தேடப்போய் அகப்பற்று வளர்ந்திருக்கும். குழாய் நுழையும்படி ஒரு பக்கம் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் கடையில் கிடைக்கிறது, அங்குல அளவிலும் கிடைக்கிறது. அதை வாங்கியவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தீர்வு பற்றி மூன்று பள்ளிகள் உண்டு. எண்ணெய்வாதிகள் மூத்தவர்கள். அவர்களுள் தேங்காய் எண்ணெய்ப் பிரிவினர் ஊர்ப்பற்று மிக்கவர்கள். ஆனால் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும் பொருளை, மார்கழி விடியலில், பேச்சிப்பாறைப் பக்கம் மரைக்குள் விட்டால் பற்று மூன்றாகும். மண்ணெண்ணெய்ப் பிரிவினர் சொல்வதில் நியாயம் உண்டு, அது மெலிந்தது, ஊடுருவும். டபிள்யூடி-40 டப்பாக்காரர்கள் புதியவர்கள். 1953இல் சான் டியேகோவில், ஈரத்தை விரட்டும் கலவை நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் வந்த பெயர் அது. அட்லஸ் ஏவுகணையின் தோலைக் காத்தது. ஏவுகணையைக் காத்தது நட்டை இளக்கும் என்பது தருக்கமாகாது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு நன்று. எதை விட்டாலும் ஓர் இரவு காத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் மூத்த ஆசான்கள் ஒன்றுபடுகிறார்கள்: "இண்ணைக்கு எண்ணெய விட்டுட்டுப் போ மக்கா, நாளைக்கு வா." ஓர் எச்சரிக்கை. கழற்றும் முன் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் போனால் உள்ளிருக்கும் ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். குலசேகரத்து ரப்பர் விவசாயியிடம் இதற்கு மேல் விளக்கம் கேட்கலாம்.

வெப்பவாதிகள் சூடு காட்டி, சூட்டோடு மெழுகுதிரியைத் தொட்டு மரைக்குள் மெழுகை உறிஞ்சவைக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் பிரேக் ஆயிலின் ஆவி தீப்பிடிக்கும், அருகிலுள்ள ரப்பர் ஹோஸ் கருகும், அடைபட்ட குழாய்க்குள் கொதிக்கும் ஆயிலுக்குப் போக்கிடம் இருக்காது. ஆகவே இப்பள்ளியில் சேர்பவர்கள் முதலில் ஆயிலை வடித்து ஹோஸைக் கழற்றியிருக்க வேண்டும். சேர்ந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. இதன் கிளை மரபு தட்டுதல். ஸ்பேனரில் இளக்கும் பக்கம் மிதமாக அழுத்தம் வைத்துக்கொண்டு நட்டின்மேல் சிறு சுத்தியலால் பொட்டுப் பொட்டென்று தட்டினால் துரு விரிசல் விடும். வர்ம ஆசான்களின் மண்ணில் இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் பள்ளி வெட்டுவாதிகள். குழாயை மாற்றத்தானே போகிறோம், பிறகேன் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டு, நட்டை ஒட்டிக் குழாயை வெட்டிவிட்டு, ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரை நட்டின்மேல் முழுசாகப் போட்டு, ஒரே பிடியில் திருகிவிடுகிறார்கள். சான்றோர் இதை முரட்டுத்தனம் என்பர். நான் இவர்கள் கட்சி. இறுகிய நட்டில் பாதிநாளைக் கரைத்தவர்கள் பலரும், அறுந்தால் இருபது நிமிடத்தில் புதிதாக வளைக்கக்கூடிய ஒரு முழக் குழாயின் மேலுள்ள பாசத்தில்தான் கரைத்தார்கள்.

புதுக் குழாய் பற்றிச் சிறு குறிப்பு. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் இருக்கிற செப்புக் குழாயைக் கேட்டு வாங்கிப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். வெறும் செம்பு வண்டியின் அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்போடு பத்தில் ஒரு பங்கு நிக்கல் கலந்த குழாய் உண்டு. அது துருவேறாது, கையால் வளையும், குளச்சல் காற்றுக்கு அஞ்சாது. அளவாக வெட்டி, பிசிறு தேய்த்து, நுனியை அச்சில் பிடித்து, முதலில் குமிழாக்கி, பிறகு உள்ளே மடக்கி, இரட்டை விரிவாக்க வேண்டும். கோணினால் ஒழுகும். இரண்டாம் முயற்சியில் பெரும்பாலும் அழகாக வந்துவிடும். விரிந்த நுனி வட்டமாக, விரிசலின்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தக்கதாக இருக்கும். பிடித்துப் பார்க்கும்போது, குழாயில் முன்கூட்டியே கோத்திருக்க வேண்டிய நட்டு மேசைமேல் இருப்பது கண்ணில் படும். விரிந்த நுனி வழியே அது இனி நுழையாது. மறுமுனையோ ஏற்கெனவே விரித்து, அதன் நட்டோடு வண்டியில் பூட்டியாயிற்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழாக வகுத்த வழுக்களில் இது கால வழு. வழுவமைதி கிடையாது. நுனியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி விரிக்க வேண்டும், குழாய் ஓர் அரை அங்குலம் குட்டையாகும்.