கையொழியாமைக் கோட்பாடு: திருவக்கரைப் பௌர்ணமியை முன்வைத்து ஓர் ஆய்வு

குடும்பத்தோடு வெளியூர் போய், வெட்டவெளியில் படுத்து, கைபேசியை மறந்து திரும்புவது எப்படி என்பது இன்று பெரிய கேள்வியாகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் காசு வாங்கிக்கொண்டு கூடாரம் போட்டுத் தருகிறார்கள். போய் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, சார்ஜ் போட பிளக் எங்கே இருக்கிறது என்பதைத்தான். குடும்ப முகாம் துறை இப்படிச் சீரழிந்ததற்குக் காரணம், அதன் மூலத்தை வேண்டாத இடத்தில் தேடியதே என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

முகாம் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக 1907-க்குப் போவார்கள். அந்த ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூடாரமடித்துத் தங்கவைத்தார். சாரணர் இயக்கத்துக்கு அதுதான் தொடக்கம். கடல் உண்டு, கூடாரம் உண்டு, திரை கிடையாது. ஆனால் ஒரு பாட்டிகூட உடன் போகவில்லை. புளிசோறும் இல்லை. எனவே அதைக் குடும்ப முகாம் என்ற வகையில் சேர்ப்பதற்கில்லை.

நமக்கு வேண்டிய சான்று திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட திருவக்கரையில், சங்கராபரணி ஆற்றங்கரையில் கிடைக்கிறது. மும்முக லிங்கமாகச் சந்திரமௌலீசுவரர் இருக்கும் பாடல்பெற்ற தலம். ஆனால் பௌர்ணமி இரவில் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் கூட்டம் வக்ரகாளியம்மனுக்கானது. நள்ளிரவு ஜோதியைப் பார்க்காமல் யாரும் கிளம்புவதில்லை. மாலையிலேயே வந்துவிட்டவர்களுக்கு நள்ளிரவு வரை வேலை என்ன? முகாம்தான்.

அதன் அடிப்படை அலகு ஜமுக்காளம். கூடாரத்துக்கு நான்கு முளை வேண்டும். ஜமுக்காளத்துக்கு ஒரு மூலையில் பை, ஒரு மூலையில் தண்ணீர்க் கேன், ஒரு மூலையில் தூக்குவாளி, நான்காவது மூலையில் பாட்டி. முளையைப் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். பாட்டியை நகர்த்த முடியாது. பக்கத்துக் குடும்பத்தின் ஜமுக்காளம் நான்கு விரற்கடை உள்ளே வந்தால், "இங்க ஆளு வராங்கம்மா, கொஞ்சம் நகந்து ஒக்காருங்க" என்று அவரே எல்லைத் தகராறைத் தீர்த்துவைப்பார். வரவேண்டிய ஆள் கடைசிவரை வருவதில்லை என்பது களஆய்வில் கண்ட உண்மை.

இனி மையக் கருத்து. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கைபேசியை எடுக்கிறான். எடுத்ததும் குரல் வருகிறது: "டேய், அத உள்ள வச்சிட்டு இந்தத் தூக்கப் புடிடா." பிடிக்கிறான். அடுத்த கையில் தங்கை. தங்கையைச் சித்தியிடம் விடலாம் என்றால் சித்தியிடம் அர்ச்சனைத் தட்டு. தட்டைச் சித்தப்பாவிடம் கொடுக்கலாம் என்றால் அவர் எலுமிச்சம்பழம் வாங்கப் போய் அரைமணி நேரமாகிறது. இந்த ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் கைபேசியைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. கை ஒழியவில்லை, அவ்வளவுதான். இதையே கையொழியாமைக் கோட்பாடு என்கிறோம்: ஒருவன் திரையைப் பார்க்கும் நேரம் அவனுடைய காலிக் கைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

எதிர்ச்சான்றை மறைப்பது ஆய்வறம் ஆகாது. நள்ளிரவில் ஜோதி ஏற்றியதும், கும்பிடவேண்டிய கைகளில் பாதி கைபேசியோடு மேலே போகின்றன. தட்டு, தூக்கு, தங்கை எல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போயின என்பது விளங்கவில்லை. இக்கோயிலில் கருவறை, நந்தி, கொடிமரம் எதுவும் ஒரே நேர்கோட்டில் அமையாதது தலத்தின் சிறப்பு என்பார்கள். கோட்பாடும் அந்த இடத்தில் சற்றுக் கோணிவிட்டது என்று கொள்க.

ஊரை ஒட்டியிருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவைச் சொல்லாமல் விட்டால் வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-இலேயே இவற்றைக் குறித்திருக்கிறார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்கிறது. கிளையில்லை, வேரில்லை, பட்டையில்லை. அதனால் இவை இங்கே முளைத்தவையல்ல, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்கிறார்கள் அறிஞர்கள். நம் துறை மொழியில்: சாமான் செட்டையெல்லாம் வழியில் தொலைத்துவிட்டு வந்து படுத்த முதல் முகாமினர். பிள்ளைகள் ஆண்டு வளையத்தைத் தடவி, விரல் முட்டியால் தட்டி, மரமா கல்லா என்று சண்டை போடுகிறார்கள். அங்கும் கை ஒழிவதில்லை.

கடற்கரைக்கு வருவோம். ஒரு கையில் புடவைக் கொசுவம், மறு கையில் குழந்தை, அக்குளில் செருப்பு. மீறிக் கைபேசியை எடுத்தாலும் பயனில்லை. தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து இயங்குவது; உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் படிந்தால் எது விரல், எது அலை என்று அதற்குத் தெரியாது. பெற்றோர் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சாதிக்காததை வங்காள விரிகுடா ஒரே தெறிப்பில் முடித்துவிடுகிறது.

கடலோரக் குடும்ப விடுமுறைக்கு இவ்வட்டாரத்தின் ஆகச் சிறந்த சான்று மனிதர்களிடம் இல்லை, சாமிகளிடம் இருக்கிறது. மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. மயிலத்திலிருந்து முருகன் வருகிறார். திண்டிவனம் பக்கத்துத் தீவனூரிலிருந்து அண்ணன் பொய்யாமொழிப் பிள்ளையார் வருகிறார். செஞ்சி சிங்கவரத்திலிருந்து தாய்மாமன் அரங்கநாதர் வருகிறார். அண்ணன், தம்பி, தாய்மாமன் தனித்தனி வண்டியில் வந்து கடலில் சேர்ந்து குளிக்கும் இதைவிடச் சுத்தமான குடும்ப விடுமுறை எது? ஐதீகப்படியும் மாமன்தான் கடலுக்குப் பழக்கப்பட்டவர்.

இவர்களிடம் கைபேசி இல்லாததற்குக் காரணம் துறவு மனப்பான்மை என்று சிலர் வாதிடக்கூடும். ஏற்பதற்கில்லை. பிள்ளையாருக்குப் பாசம், அங்குசம், தந்தம், கொழுக்கட்டை. மாமனுக்குச் சங்கு, சக்கரம். முருகனுக்கு வேல் மட்டுமல்ல, வள்ளி தெய்வானையும். நான்கு கை இருந்தும் கை ஒழியவில்லை. நம்மைவிட அவர்களுக்குள்ள ஒரே வசதி, செருப்புக்குக் காவலாக யாரையும் கரையில் உட்காரவைக்க வேண்டியதில்லை.